முதலில் வைத்த பழம்

மார்ச் 3, திங்கள்

நேற்று கௌமாரியை அழைத்து வந்துவிட்டோம். என் கணவரின் ஒரே தங்கை. ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீடு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை ராணுவத்தில், எல்லைப் பக்கம் எங்கோ இருக்கிறார். பிரசவத்துக்கு விடுப்பு கிடைத்தால் வருவார். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவள் திரும்பிப் படுத்தால்கூட வீடு முழுக்கக் கேட்கிறது. குழந்தை பிறக்கும்வரை ஒன்றையும் கழற்றக் கூடாது என்று அத்தை உத்தரவு.

வந்ததும் வராததுமாகக் கிணற்றடிக் கொடிப் பழம்தான் கேட்டாள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிற எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு. தோட்டம் முழுக்க மருந்து அடிப்பார்கள், வீட்டுக்கென்று ஓரமாக நாலைந்து கொடி விட்டு அதன்மேல் மட்டும் ஒரு சொட்டுக்கூடப் படாமல் பார்த்துக்கொள்வார்கள். ஊருக்கு ஒரு பழம், வீட்டுக்கு ஒரு பழம். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது என் பிழைப்பே அந்தக் கொடிகளால்தான் ஓடுகிறது.

27ஆம் தேதி எங்கள் பூச்சிமருந்துச் சோதனைக் கருவிக்குச் செயல்விளக்கம். சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பெரிய கடைக்காரர்கள் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள். அவர்களிடம் எளிமையாகச் சொல்லவேண்டும் என்று ஹெலன் மேடம் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். மதுரையில் எங்கள் ஆய்வுக்குத் தலைவர் அவர். எழுதிப் பார்க்கிறேன்:

இது ஒரு பட்டை. சர்க்கரை பார்க்கும் பட்டையைப் போலவே இருக்கும். நுனியில் கரி மை, மையின்மேல் ஒரு நொதி. நம் உடம்பில் நரம்பை அடக்கி ஓய்வு கொடுக்கும் அதே நொதி. பூச்சிமருந்து அதைத்தான் முடக்குகிறது. பழச்சாற்றில் மருந்து இருந்தால் பட்டையில் உள்ள நொதி முடங்கும், மின்னோட்டம் குறையும், சிவப்பு விளக்கு எரியும். இல்லாவிட்டால் பச்சை. எதைவிடக் குறைகிறது என்று பட்டையைச் செருகும் மீட்டருக்குத் தெரியவேண்டுமே, அதற்காக முதலில் மருந்தே படாத பழம் ஒன்றை வைக்கிறோம். திராட்சையின் புளிப்பும் இனிப்பும்கூட மின்னோட்டத்தைக் கொஞ்சம் மாற்றும், அதனால் தண்ணீரை வைத்தால் கணக்கு முழுதாகச் சரிவராது. திராட்சைக்குத் திராட்சைதான். முதலில் வைத்ததை மீட்டர் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வைப்பதையெல்லாம் அதோடு ஒப்பிடும்.

நன்றாகத்தான் இருக்கிறது. அத்தை மட்டும் இன்னும் அதைச் சர்க்கரை மிஷின் என்றே சொல்கிறார். போன வாரம் விரலை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

கௌமாரி கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிடலாமா மதினி? நீங்க பாத்துட்டீகளா?" என்றாள். "தினம் காலையில அதத்தான் மொதல்ல வைக்கிறேன். பயமில்லாம சாப்பிடு" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மாவுப்பூச்சி. கிணற்றடிக் கொடியில். காம்போரம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக, அதைச் சுற்றி எறும்பு. ஒரு கொத்தைத் திருப்பினேன், உள்ளே எல்லாம் அதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் அழுதுவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. "இந்தக் கொடி போச்சுன்னா எல்லாம் போச்சுங்க. இந்தப் பள்ளத்தாக்குல மருந்து படாத கொத்து ஒண்ணு வேற எங்க இருக்கு? பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கொடியெல்லாம் போன மழையோட போயிருச்சு. 27ஆம் தேதி வாறவுக முன்னாடி எதை வைப்பேன்?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வேப்பெண்ணெய் அடிச்சுப் பாப்போம். அழுவாத. நான் பாத்துக்கிறேன்" என்றார். என் கணவர் சுருளிவேல் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நான் பாத்துக்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்வார்.

மார்ச் 8, சனி

வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து அடித்தோம். கை இன்னும் கசக்கிறது.

மார்ச் 12, புதன்

மாவுப்பூச்சி போயே போய்விட்டது! எறும்பும் இல்லை, ஒன்றுகூட இல்லை. கொத்துகள் கழுவி வைத்தாற்போல இருக்கின்றன. வேப்பெண்ணெய்க்கு இவ்வளவு வீரியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மதியம் இவர் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். நாள் தவறாமல் சாயங்காலம் குளிக்கிறவர். "என்ன, மாப்பிள்ளை மாதிரி ரெண்டு வேளை குளியல்?" என்று கேட்டேன். "வேக்காடு" என்றார். உண்மைதான், மார்ச்சிலேயே இப்படி வெயில்.

வேக்காட்டுக்குப் பயந்து கௌமாரி பகல் முழுக்கக் கிணற்றடிப் பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். படுத்தபடியே கையை நீட்டினால் பழம். கழுவித் தின்னு என்றால் கேட்பதில்லை. பழத்தின் மேலுள்ள வெள்ளைப் பூச்சு போனால் ருசி போய்விடுமாம். வளையல் குலுங்கக் குலுங்கப் பறிக்கிறாள். அவள் மட்டும்தான் அந்தக் கொடியைத் தின்கிறாள். அத்தைக்குச் சர்க்கரை. இவருக்குத் திராட்சை என்றாலே சலிப்பு, பிறந்ததிலிருந்து பார்ப்பதால். எனக்கு நாளெல்லாம் நசுக்கி நசுக்கி, வாயில் வைக்கப் பிடிப்பதில்லை.

மார்ச் 15, சனி

நல்ல வாரம். காலையில் அறுப்புக்கு முன் சோதித்துப் பார்க்கக் கொத்து கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். நான் மீட்டர் வைத்திருக்கும் மோட்டார் அறை வாசலில் வரிசை நிற்கிறது. எல்லாருக்கும் பச்சை. போன மாதம் பாதிப் பேருக்குச் சிவப்பு எரிந்தது. சொல்லச் சொல்லத் திருந்துகிறார்கள் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். "அருமை, நாகஜோதி!" என்று பதில் வந்தது. அவர் வியப்புக்குறி போடுவது அபூர்வம்.

ஒரு சின்ன விஷயம். முதலில் வைக்கிற பழத்தின் மின்னோட்டமே இறங்கிக்கொண்டு வருகிறது. நொதி வெயிலில் செத்துக்கொண்டிருக்கிறது, வேறென்ன. இந்த வாரம் மட்டும் மின்சாரம் எத்தனை தடவை போனது! குளிர்பெட்டி திறந்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மீட்டரில் அளவைத் திருத்திவிட்டேன்.

கௌமாரிக்குக் காலையில் வாந்தி. அத்தை அசரவே இல்லை. "சுருளி வயித்துல இருந்தப்ப எனக்கு ஒம்போது மாசமும் வாந்திதான். வெயிலு சேரல, அம்புட்டுத்தான்" என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. மேற்குத் தோட்டத்து ராசாங்கம் கொத்தோடு வந்தார். வைத்துப் பார்த்தேன், பச்சை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "என்னத்தா, நேத்துக் காலையிலதான் மருந்து அடிச்சேன். எப்பிடிக் காட்டுதுன்னு பாப்போம்னு சும்மா கொண்டாந்தேன்" என்றார். மறுபடி வைத்தேன். பச்சை. அது மட்டுமா, சுத்தப் பழத்தைவிட அதிக சுத்தம் என்று காட்டியது! இருவரும் சிரித்தோம். அவர் அறுக்கப் போவதாகச் சொன்னபோது, பத்து நாள் போகட்டும் என்று திருப்பி அனுப்பினேன்.

மேடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சுத்தப் பழத்தோட அளவு எவ்வளவு வருது?" என்று கேட்டார். பட்டை பழசு, வெயிலில் செத்துவிட்டது என்றேன். புதுப் பட்டை பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புவதாகச் சொன்னார். "எதுக்கும் வெறும் தண்ணிய வெச்சு ஒரு தடவை பாரும்மா. கணக்கு சரியா வராட்டியும் நொதி உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிடும்."

பார்க்கவேண்டும்.

கிராம செவிலியர் வந்து கௌமாரியைப் பார்த்துவிட்டுப் போனார். ரத்த அழுத்தம் சரி, குழந்தைத் துடிப்பு சரி. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று கௌமாரி சொன்னாள். சில பேருக்கு அப்படி இருக்கும் என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பழைய சொம்பு வைத்திருக்கிறாள், துப்புவதற்கு.

மார்ச் 20, வியாழன்

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து செயல்விளக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெல்லிசாக, விடாமல். நிமிர்ந்து பார்த்தேன். கௌமாரி எதையும் பறிக்கவில்லை. கையை வயிற்றின்மேல் வைத்துச் சும்மா படுத்திருக்கிறாள். வளையல் தானாக ஆடுகிறது.

"குளிருதா?" என்றேன்.

"இந்த வெயில்லயா? வேர்த்து ஊத்துது மதினி. கண்ணுதான் ஒரு மாதிரி மங்கலா இருக்கு. பொழுது சாஞ்சிருச்சா?"

பகல் பதினோரு மணி. குனிந்து அவள் கண்ணைப் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே நல்ல நிழல். நிழலில் கண்மணி விரியவேண்டும். அவளுக்குக் கடுகளவு இருந்தது.

அழைப்பிதழில் அதிகாரி பெயர் தப்பாக அச்சாகிவிட்டது. மாற்றச் சொல்லவேண்டும். மோட்டார் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்று. நாற்காலி வாடகைக்குக் கம்பத்தில் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

புதுப் பட்டைகள் வந்தன, பனிக்கட்டி உருகாமல். முதல் பழம் வைத்தேன். அதே இறங்கின அளவு.

தலைவலி. மீதி நாளைக்கு.

மார்ச் 22, சனி

சுண்ணாம்பு அடித்து முடிந்தது. அறை பளிச்சென்று இருக்கிறது. நாற்காலி பிளாஸ்டிக்தான் கிடைத்தது, பரவாயில்லை. வருகிறவர்களுக்கு மோரா, காபியா என்று அத்தையோடு வாக்குவாதம். மோர் என்று முடிவு. அழைப்பிதழ் திருத்தி வந்தது. இவரது வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். மசால்வடைக்குப் பருப்பு வாங்கவேண்டும்.

தண்ணீரை வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நேரமே கிடைக்கவில்லை.

காலையில் வந்த எல்லாருக்கும் பச்சைதான். எனக்குத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. செயல்விளக்கம் நெருங்கினால் யாருக்கும் இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

கௌமாரி கையிலிருந்த கொத்தை வாங்கிக்கொண்டேன். செயல்விளக்கத்துக்குப் பழம் வேண்டும், இனி பறிக்காதே என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவளுக்குக் கண் நிறைந்தது. கண்ணீரா, இரண்டு நாளாக ஒழுகுகிற வெறும் நீரா என்று தெரியவில்லை.

அத்தை பிடித்துக்கொண்டார். "புள்ளத்தாச்சி கையில இருக்குறதப் புடுங்குறியே, ஒனக்கே நல்லாருக்கா? நாலு பழத்துலதானா ஒன் கலெக்டர் கொறஞ்சு போயிருவாரு?"

சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் அவள் மடியில் வேறு ஒரு கொத்து, பாதி தீர்ந்திருந்தது. அத்தை பறித்துக் கொடுத்திருக்கிறார். பார்த்துக்கொண்டு நின்றேன். எதைச் சொல்லித் தடுப்பது? காரணம் கேட்டால் என்ன சொல்வது? எனக்கே ஒன்றும் தெரியாதபோது.

பந்தலுக்கு அணிலும் பறவையும் வருவதில்லை. முன்பெல்லாம் அணிலையும் மைனாவையும் விரட்டித் தீராது. இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 25, செவ்வாய். தேனி, மருத்துவமனை.

நேற்று எழுத முடியவில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை, யாரும் வருவதற்கு முன், மோட்டார் அறையைச் சாத்திக்கொண்டு பட்டையில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டேன். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பட்டை புதிதாக இருக்கும்போது வரவேண்டிய முழு அளவு. இன்னொரு பட்டை, அதே அளவு. பழைய பட்டையையும் எடுத்து வைத்தேன், அதுவும் அங்கேதான் போய் நின்றது. வெயிலில் எதுவும் சாகவில்லை. புளிப்பும் இனிப்பும் இழுத்துவிட்டது என்று சொல்லக்கூடிய வித்தியாசமா அது? கிணற்றடிக் கொத்திலிருந்து ஒரு பழத்தை நசுக்கி வைத்தேன். எண் கீழே கிடந்தது. ராசாங்கத்தின் கொத்து ஒன்று ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நேற்று மருந்தடித்தேன் என்று அவரே சொன்ன கொத்து. அதுகூட இவ்வளவு கீழே போகவில்லை.

இரண்டு வாரமாக நான் சுத்தம் என்று முதலில் வைத்ததுதான் எல்லாவற்றிலும் விஷம்.

கத்தினேன் என்று அத்தை சொல்கிறார். எனக்கு நினைவில்லை. பந்தலுக்கு ஓடியது நினைவிருக்கிறது. கௌமாரி கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். சட்டை முழுக்க வியர்வை, வாயோரம் நுரை, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம். கன்னத்துச் சதை தனியாகத் துடித்தது. "மதினி, மூச்சு முட்டுது" என்றாள். அந்த நிலையிலும் நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்தாள்போல. "ரெண்டு பழந்தான் தின்னேன்" என்றாள்.

இவர் காரை எடுத்தார். அத்தை முன்னால், நான் பின்னால், கௌமாரியின் தலை என் மடியில். என் புடவைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துத் துடைத்து அது நனைந்துவிட்டது.

"கிணத்தடிக் கொடிக்கு என்ன அடிச்சீங்க?" என்றேன்.

"வேப்பெண்ணெய். நீயுந்தான இருந்த."

"அதுக்கப்புறம்?"

உத்தமபாளையம் தாண்டினோம். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அத்தை, "என்னடா அடிச்ச? சொல்லித் தொலடா!" என்று அவர் தோளில் அடித்தார்.

"மாவுப்பூச்சிக்கு அடிக்கிறதுதான்" என்றார். "வேப்பெண்ணெய்க்கு அது அசையல. கௌமாரிய செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு ஒருக்கா, நீங்க கோயிலுக்குப் போனப்ப ஒருக்கா, போன வாரம் ஒருக்கா. பாதி அளவுதான் கலந்தேன்."

அந்த நடு மதியக் குளியல். நான் கேலி செய்தேன்.

"அவ அதத் தின்னுக்கிட்டு இருக்கிறது தெரியும்ல உங்களுக்கு? அதுக்குக் கீழதான படுத்துக் கெடந்தா?"

அப்போது அவர் சொன்னதை எந்நாளும் மறக்கமாட்டேன். வண்டியின் வேகத்தைக் குறைக்காமல், திரும்பாமல் சொன்னார்.

"நீதான் தெனம் காலையில அதத்தான ஜோதி மொதல்ல மிஷின்ல வைக்கிற? மருந்து அடிச்ச மறுநாளும் வந்து நின்னு பாத்தேன். ஒரு நாளும் செவப்பு எரியல. எரிஞ்சா சொல்லிரலாம், கொடிய வெட்டிரலாம்னுதான் இருந்தேன். எரியவே இல்ல. சரி, கொறஞ்ச மருந்து, காத்துல போயிருச்சுன்னு நெனச்சேன். நீ பாத்துட்டு சாப்பிடுன்னு சொன்ன. நான் ஒன்னைய நம்புனேன்."

அந்த மீட்டர் முதலில் வைத்த பழத்தைச் சோதிக்காது. அதை நம்பும். வீட்டில் யாருக்கும் இதை நான் சொன்னதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு எளிமையாகச் சொல்ல எழுதிப் பார்த்தேன்.

மருத்துவமனை வாசலில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்ன மருந்து என்பதுதான். இவர் பெயரைச் சொன்னார், முழுப் பெயரை, தெளிவாக. உடனே ஊசி போட்டார்கள். தாமதமாகியிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்று மருத்துவர் பிற்பாடு சொன்னார்.

ஊசி ஏற்ற நரம்பு வேண்டும் என்று செவிலியர் வளையல்களைக் கழற்றச் சொன்னார். கை வீங்கியிருந்தது, வரவில்லை. துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார்கள். அத்தை சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் வளையல் உடைந்துவிட்டது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு வளையல் உடையும்போதும் காதைப் பொத்திக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

ரத்தப் பரிசோதனை வந்தது. என் பட்டையில் தடவியிருக்கிற அதே நொதியைத்தான் அவள் ரத்தத்தில் அளந்திருக்கிறார்கள். இருக்கவேண்டியதில் கால்வாசிகூட இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பழகிய எண்ணைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

குழந்தையின் துடிப்பைக் கேட்கிறார்கள். ஓடுகிற குதிரைபோல இருக்கிறது. அது நல்லதா என்று கேட்டேன். ஊசியால் கூடியிருக்கிறது, பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்ற வார்த்தையே பிடிக்காமல் போய்விட்டது எனக்கு.

இவர் உள்ளே வரவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். டீ கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. திட்டவேண்டும் என்றுதான் போனேன். ஆறாம் தேதி நான் அழாமல் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மார்ச் 27, வியாழன்

செயல்விளக்கம் இல்லை. மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பச்சை காட்டின பழமெல்லாம் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மதுரை. எர்ணாகுளம். திருவனந்தபுரம். இரண்டு வாரமாக வரிசையில் நின்றவர்கள் எல்லாரையும் தொலைபேசியில் கூப்பிட்டேன். "என்னத்தா இப்பிடிச் சொல்ற? பழம் அன்னைக்கே ஏத்தியாச்சே" என்றார்கள். ராசாங்கம் மட்டும், "நீ அன்னைக்குத் திருப்பி அனுப்புனது நல்லதாப் போச்சு" என்று ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. எந்தப் பேருந்திலோ யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நான் எப்படிச் சொல்வது?

மேடம் மேலிடத்துக்கும் செய்தித்தாளுக்கும் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டார். என் பெயரைப் போடச் சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

செயற்கை மூச்சுக்காக வாயில் செருகியிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். விஷம் சுருக்கியிருந்த கண்மணி விரிகிறது. மணிக்கொரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், செவிலியர் என்னைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்.

இவர் ஊருக்குப் போய்க் கிணற்றடிக் கொடிகளை வேரோடு வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். கையெல்லாம் கொப்புளம். மருந்து போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

கௌமாரியிடம் இவரே போய்ச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "நாந்தான்த்தா அடிச்சேன்" என்றார். குலுங்கிக் குலுங்கி அழுதார். பத்து வருடத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை.

கௌமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க தெனம் பாத்தீகளே மதினி?" என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். இந்த முறை எளிமையாகத்தான் வந்தது.

கேட்டு முடித்ததும் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வளையல் இல்லாததால் சத்தமே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

குழந்தை நன்றாக அசைகிறதாம். ஸ்கேன் சரி. பிறந்தபிறகு எப்படி இருக்கும் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் நேரான பதில் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை விடுப்புக் கிடைத்துப் புறப்பட்டுவிட்டார், நாளை மறுநாள் வருகிறார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

இனி கட்டியான ஆகாரம் கொடுக்கலாம், பழம் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். பழம். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இவர் கீழே போய் ஆப்பிள் வாங்கி வந்தார். அத்தை குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் தோலைச் சீவினேன், தடிமனாக, பாதிப் பழம் தோலோடு போகும்படி. சிறு துண்டாக நறுக்கித் தட்டில் வைத்து நீட்டினேன்.

கௌமாரி தட்டைப் பார்த்தாள். "பாத்துட்டீகளா மதினி?"

மீட்டர் என் பையில்தான் இருந்தது. பட்டையும் இருந்தது. முதலில் வைக்க எதுவும் இல்லை. இந்தக் கட்டடத்தில், இந்த ஊரில், இது சுத்தம் என்று சத்தியம் செய்து நான் கையில் எடுக்கக்கூடிய பழம் ஒன்றுகூட இல்லை.

"பாக்கல" என்றேன்.

இவர் எழுந்து வந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்று. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, தங்கையின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழாதபடி உட்கார்ந்தார். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். அத்தை பார்த்தார். கௌமாரியும் தலையணையில் சாய்ந்துகொண்டு அண்ணனின் கண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நறுக்கின துண்டுகள் தட்டில் பழுப்பேறத் தொடங்கின.

"ஒண்ணும் இல்லத்தா. சாப்பிடு" என்றார் இவர்.

"இன்னுங் கொஞ்ச நேரம் போகட்டும்ண்ணே" என்றாள் கௌமாரி.